ஒரே ஓட்டத்தில் ஏழு இடம் வேண்டாம். ஒரு மலையில் இரண்டு இரவு தங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோக அறுவடை முடிந்து நெல்லும் விலைபோய்விட்டால் வன்னியில் வான்களுக்கும் பஸ்களுக்கும் ஓய்வே இல்லை. மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் ஊர்ச் சங்கங்கள், கோயில் சபைகள், மாதர் சங்கங்கள், கல்வி நிலையங்கள் என்று ஆளுக்கொரு வாகனம் பிடித்து மலைநாட்டுக்கு வெளிக்கிடுகிறார்கள். வருடம் முழுவதும் வெயிலிலும் வயலிலும் நின்றவர்களுக்குக் குளிர்காற்றும் பச்சை மலையும் தேவைதான். எங்கள் கவலை பயணத்தைப் பற்றியது அல்ல, அதை ஒழுங்கு செய்யும் விதத்தைப் பற்றியது. இரவு பத்து மணிக்கு வவுனியாவில் ஏறினால் விடிய மாத்தளை அம்மன் கோயில், காலையில் கண்டி, மத்தியானம் பேராதனைப் பூங்கா, பின்னேரம் நுவரெலியா. மறுநாள் சீதையம்மன் கோயில், ஹக்கலைப் பூங்கா, எல்லயில் ஒன்பது வளைவுப் பாலம், பிறகு இரவோடிரவாக வீடு. கையில் கிடைக்கும் பயண ஒழுங்குகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன.

இதில் வாகனம் ஓடும் இரண்டு இரவும் சாரதிக்கு நித்திரை இல்லை. அதிலும் இரண்டாம் இரவு, களைத்த உடம்போடு, மலையிலிருந்து இறங்க வேண்டிய இரவு. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது விடியும் முன். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா முடிந்து திரும்பிய பஸ் விழுந்து 15 பேர் இறந்தது இரவில். காரணம் எதுவென்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை அல்ல. ஆனால் மலை வீதியில் இருட்டில் ஓடக்கூடாது என்பதற்கு இதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை.

வன்னிச் சாரதிகள் திறமை குறைந்தவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். ஏ9 வீதியில் ஆனையிறவிலிருந்து வவுனியா வரை ஓடும் வாகனத்தில், மாடு குறுக்கே வந்தால் மிதிப்பதுதான் பிறேக்குக்கு அதிகபட்ச வேலை. தரை மட்டமாக இருப்பதால் பிறேக்கின் குறை வருடக்கணக்கில் வெளியே தெரியாது. ரங்கலையிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ இறங்கும்போது அரைமணி நேரம் கால் எடுக்காமல் மிதித்தபடி வந்தால், கட்டைகள் சூடேறிக் கருகிய மணம் வரும். அந்த மணம்தான் முதல் எச்சரிக்கை. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். இரண்டு வருடமாக மாற்றாத எண்ணெயில் சேர்ந்திருக்கும் ஈரம் அந்தச் சூட்டில் கொதித்து ஆவியாகும். எண்ணெய் நெரிபடாது, ஆவி நெரிபடும். அதனால்தான் பெடல் திடீரென்று அடிவரை போய்விடுகிறது, வாகனம் நிற்பதில்லை. பெரிய பஸ்களில் காற்றுப் பிறேக். அதை அடிக்கடி மிதித்து மிதித்து விட்டால் தாங்கியில் காற்றமுக்கம் இறங்கிவிடும். மீண்டும் ஏறும் வரை காத்திருக்க இறக்கம் இடம் தராது.

செய்ய வேண்டியது எளிது. எந்தக் கியரில் அந்த ஏற்றத்தை ஏற முடியுமோ அதே கியரில் இறங்க வேண்டும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு குறைக்கப் போனால் கியர் விழாமல் வாகனம் நியூட்ரலில் ஓடும் ஆபத்து உண்டு. ஓட்டோ கியர் வான்களில் பலர் மலையிலும் 'டி'யில் விட்டுவிட்டு பிறேக்கையே நம்புகிறார்கள். ஓவர்டிரைவை நிறுத்தி, '2' அல்லது 'எல்' நிலைக்கு மாற்றினால் இயந்திரமே வாகனத்தைப் பிடித்துக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று இயந்திரத்தை நிறுத்தி இறங்குவது உயிரோடு விளையாடுவது. பிறேக்குக்குக் கிடைக்கும் உதவி விசையும் பவர் ஸ்டியரிங்கும் அந்தக் கணமே போய்விடும். கருகிய மணம் வந்தால் சமதரை பார்த்து ஒதுக்கி, சில்லுக்குக் கல் வைத்து, அரைமணி நேரம் ஆறவிடுங்கள். அவசரத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது, சூடான இரும்பு வெடிக்கும். குறுகிய வீதியில் ஏறி வரும் வாகனத்துக்கு வழிவிட்டு இறங்குபவர் நிற்பது மலைநாட்டு முறை. வளைவுக்கு முன் ஹோர்ன் ஒரு தடவை போதும். மூடுபனியில் பெரிய வெளிச்சம் போட்டால் வெண்திரை போல முன்னால் நின்று கண்ணைத்தான் மறைக்கும். சின்ன வெளிச்சத்தில் வீதியோரக் கோட்டைப் பார்த்து ஊர்ந்து போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிடாரம், காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, விறகு எல்லாவற்றையும் கூரையில் கட்டி ஏற்றுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். தட்டையான வீதியில் அது தெரியாது. கொண்டை ஊசி வளைவில் அந்தப் பாரம் வாகனத்தை வெளிப்பக்கம் இழுக்கும். பாரமான பொருளைத் தரையோடு, ஆசனங்களுக்குக் கீழே வையுங்கள். காஸ் சிலிண்டரை ஆட்கள் ஏறும் வாகனத்தில் கொண்டுபோகவே வேண்டாம்.

சரி, எங்கே போவது? நுவரெலியாவைத் தவிர மலையே இல்லை என்பதுபோல எல்லோரும் அங்கேயே போகிறார்கள். சித்திரை விடுமுறையில் அங்கே வாகனம் நிறுத்தவும் இடமிராது. வன்னியிலிருந்து ஏ9 வழியே தெற்கே போனால், கண்டிக்கு முன்பே மாத்தளையில் கிழக்குப் பக்கம் எழுந்து நிற்பது நக்கிள்ஸ் மலைத்தொடர். கண்டிப் பக்கத்திலிருந்து பார்த்தால் மூடிய கையின் விரல் மொழிகள் போலத் தெரிவதால் ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. சிங்களத்தில் தும்பறை மலைத்தொடர். உயர்ந்த சிகரம் கொம்பானிய, 1,906 மீற்றர். 2000ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் ஹோர்ட்டன் சமவெளியோடும் சேர்த்து, மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பிடித்தது.

ஏறும் வழிகளில் இரண்டு முக்கியம். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக சுமார் 30 கிலோமீற்றர் போனால் ரிவர்ஸ்டன் வரும். வான் போகும், பெரிய பஸ்ஸுக்கு இடம் குறைவு. வவுனியாவில் விடிய ஐந்து மணிக்கு ஏறினால், காலைச் சாப்பாட்டுக்கு நின்று போனாலும் மத்தியானத்துக்குள் மாத்தளையைத் தாண்டிவிடலாம். மற்றது கண்டியிலிருந்து தெல்தெனியா, ஹுன்னஸ்கிரிய, லூல்வத்தை, கோர்பெட்ஸ் கப் வழியாக மீமுரே கிராமத்துக்கு இறங்கும் பாதை. அது குறுகியது, செங்குத்தானது. சொந்த வானை லூல்வத்தைக்கு இப்பால் நிறுத்திவிட்டு, அந்த ஊர் ஜீப்பை வாடகைக்குப் பிடிப்பதுதான் புத்தி. அந்தப் பாதையை நாள்தோறும் ஓடுபவருக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம்.

முதற்பயணம் என்றால் ரிவர்ஸ்டனைச் சொல்வோம். இரண்டு இரவு அங்கேயோ ரத்தோட்டைப் பக்கமோ தங்கினால் போதும். முதல் நாள் பின்னேரம் ஓய்வு. மறுநாள் காலை பிட்டவல பத்தனை என்ற மலைப் புல்வெளி. பாறைமேல் ஒரு சாண்கூட இல்லாத மண், அதில் குட்டையான புல். பாதையை விட்டு விலகி மிதித்தால் அந்த மண் அடுத்த மழையோடு கழுவுண்டு போய் வெறும் பாறைதான் மிஞ்சும். அதனால் படம் எடுப்பதற்காகவும் புல்லில் இறங்க வேண்டாம். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் 'குட்டி உலக முடிவு' என்று சொல்லும் செங்குத்துப் பாறை. சுற்றுவேலியை நம்பிப் பிள்ளைகளை ஓடவிடக் கூடாது. காட்டுக்குள் போவதற்கு நுழைவுச்சீட்டு வேண்டும். டீன்ஸ்டனிலும் இலுக்கும்புறவிலும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிலையங்கள் உண்டு. கூடாரம் அடித்துத் தங்குவதென்றால் திணைக்களத்தின் முன்னனுமதி தேவை, வழிகாட்டி இல்லாமல் உட்காட்டுக்குள் போகக் கூடாது. வன்னிக்காட்டில் வழி தவறினால் சூரியனைப் பார்த்து நடந்து எங்காவது ஒரு குளக்கட்டில் ஏறலாம். அங்கே பத்து நிமிடத்தில் மூடுபனி இறங்கி முன்னால் போகிறவரின் முதுகே தெரியாமல் போகும். கைத்தொலைபேசிக்குப் பல இடங்களில் சமிக்ஞை கிடையாது.

ஆறுதலாக நடப்பவர்களுக்குக் காடு தன்னைக் காட்டும். உச்சிக்குக் கிட்டப் போகப் போக மரங்கள் குள்ளமாகி, காற்று வீசும் திசைக்கு வளைந்து, கிளைக்குக் கிளை பாசி தொங்கும். அந்தக் கிளைகளில் கண்ணை ஊன்றிப் பார்த்தால் விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஓர் ஓணான் அசையாமல் இருக்கும். மூக்கு நுனியில் சிறு இலையைச் செருகி வைத்ததுபோல ஒரு தசை. உலகத்தில் இந்த மலைத்தொடரில் மட்டுமே வாழும் இனம் அது. பிடித்து உள்ளங்கையில் வைத்துப் படம் எடுக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். மலையைத் தாண்டி இலுக்கும்புறப் பக்கம் இறங்க இறங்க ஈரம் குறைந்து காற்று காயும்; நம் காட்டுக்கு உறவான மரங்கள் ஒவ்வொன்றாகத் தென்படும். ஒரே நாளில் இரண்டு நாட்டுக் காலநிலையைப் பார்ப்பதுபோல. ஏழு இடம் பார்த்துத் திரும்புபவருக்கு இது கிடைப்பதில்லை.

காலநிலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் பிழைப்பது இதில்தான். ஒவ்வொரு ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் சுமார் ஆறு பாகை வெப்பம் குறையும். வவுனியாவில் வியர்த்துக்கொண்டு ஏறியவர், மெல்லிய சட்டையோடு ரிவர்ஸ்டனில் இறங்கி நடுங்குவார். அதோடு காற்றும் சேர்ந்தால் குளிர் இரட்டிப்பாகும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை நமக்கு வறண்ட சோளகமாக வீசுவது அங்கே ஆளைத் தள்ளும் காற்று; ரிவர்ஸ்டன் உச்சியிலுள்ள ஒளிபரப்புக் கோபுரப் பக்கம் நிற்கவே முடியாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை நமக்கு வயல் நிரப்பும் மழை, அங்கே மண்சரிவு மழை. ஆகவே வன்னிக்கு வசதியான மாசி, பங்குனியே மலைக்கும் நல்ல காலம். இதைவிட அதிர்ஷ்டமான பொருத்தம் வேறு இல்லை. ஆளுக்கொரு தடித்த மேலாடை, மழைக்கோட்டு, மாற்றுக் காலுறை இரண்டு சோடி, பிடிமானமுள்ள சப்பாத்து, ரோர்ச் லைற் போதும். குடை காற்றில் நிற்காது. பாட்டா செருப்போடு ஈரப்பாறையில் கால் வைப்பவர்தான் முதலில் விழுவார்.

அட்டைக்குப் பயந்து வாகனத்தை விட்டு இறங்காதவர்களும் உண்டு. நம் குளத்து அட்டை தண்ணீரில் இருக்கும், இது தரையில் சருகுக்கடியில் இருந்து நூல்போல எழுந்து தலையை ஆட்டி மணம் பிடிக்கும். நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, காலுறையின் வெளிப்புறத்தில் சவர்க்காரத்தை ஈரமாக்கித் தேய்த்தால் அநேகமாக ஏறாது. மழையில் அது கழுவுண்டு போகும், மீண்டும் பூச வேண்டும். ஒரு துணிக்குள் கல்லுப்பைக் கட்டிக் கையில் வைத்திருங்கள். கடித்துவிட்டால் பிடுங்கி இழுக்காதீர்கள், நெருப்பும் வைக்காதீர்கள். உறிஞ்சும் முனைக்கடியில் நகத்தைச் செருகி ஒதுக்கினால் விழுந்துவிடும். இரத்தம் நீண்ட நேரம் நில்லாமல் வடிவதைக் கண்டு பதறத் தேவையில்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் ஒன்றை அட்டை விட்டுச் செல்வதால் அப்படி. சவர்க்காரத்தால் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். இரத்தம் உறையாத மருந்து குடிக்கும் பெரியவர்களை மட்டும் ஈரக்காட்டுப் பாதைக்குக் கூட்டிப் போக வேண்டாம்.

அட்டையைவிட ஆபத்து தண்ணீர். பம்பரகிரி எல்ல, சேரா எல்ல போன்ற நீர்வீழ்ச்சிகளில் குளிக்கத்தான் பொடியள் ஆசைப்படுவார்கள். சிறுவயதிலிருந்து குளத்தில் நீந்தியவர்களுக்கு அந்தத் தைரியமே எதிரி. குளத்து நீர் சும்மா கிடக்கும்; அருவியடி நீர் விழுந்த இடத்தில் குடைந்து உள்ளே இழுக்கும், குளிரில் கைகால் சீக்கிரம் மரத்துப்போகும். நம் தலைக்கு மேல் வெயில் எறிக்கும்போதே மேல்மலையில் மழை கொட்டலாம். தெளிந்த நீர் மண்ணிறமாக மாறினாலோ, இலைகுப்பையும் தடியும் மிதந்து வரத் தொடங்கினாலோ, சாமானைக் கூட எடுக்காமல் கரையேற வேண்டும். அதற்குப் பிறகு சில நிமிடம்தான் கிடைக்கும். பாறையிலிருந்து குதிக்கவே கூடாது. குடித்திருப்பவர் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதைப் பயண ஒழுங்காளர் ஏறும்போதே உரக்கச் சொல்லிவிட வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டை எப்படிச் சிதைத்தது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். வன்னியும் அந்த வெள்ளத்தில் கிடந்தது. மலையில் சரிந்த மண் வெட்டி அகற்றப்பட்டாலும் மேலே இளகிய சரிவு அப்படியே இருக்கும். எனவே பழைய பயண அனுபவத்தை நம்பாமல், பாதை திறந்திருக்கிறதா என்று தங்கப்போகும் இடத்தில் முதல்நாள் கேட்டே வெளிக்கிட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியில் மண்சரிவு எச்சரிக்கை விடும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150ஐத் தொட்டால் வெளியேற்றம். மஞ்சள் நிறம் வந்தாலே அந்தப் பிரதேசத்துக்கான பயணத்தைத் தள்ளிவையுங்கள். தங்கிய இடத்தில் நிலம் வெடித்திருந்தால், மரமோ மின்கம்பமோ சாய்ந்திருந்தால், இல்லாத இடத்தில் சேற்று ஊற்று கிளம்பினால் நள்ளிரவானாலும் அங்கிருந்து விலகுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990.

போகும் வழியில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் எல்லோரும் இறங்கிக் கும்பிடுகிறார்கள். மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும் கோயில் அது. ஆனால் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரின் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கி, நம் வன்னிக்காட்டின் ஊடாகத்தான் நடந்து மாத்தளைக்குப் போனார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு எத்தனை பேர் சொல்கிறோம்? காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். அவர்கள் வந்த 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனதும் அந்த வழியை நினைத்துத்தான். 1958க்குப் பிறகும் 1977க்குப் பிறகும் மலையிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் இன்று வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நம் அயலவர்கள். அவர்களுடைய பெரியம்மாவும் மாமாவும் இன்னும் அந்தத் தோட்டங்களின் லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், இருக்கிறார்கள். ஆகவே லயத்து வாசலில் வானை நிறுத்தி, கேளாமல் படம் எடுப்பதும், கொழுந்து பறிக்கும் பெண்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துவதும் நமக்கு அழகல்ல. மாசியில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். தப்பு முழங்க விடிய விடிய ஆடும் கூத்து. தங்கியிருந்து, கோயில் தலைவரிடம் கேட்டு, கடைசி வரை இருந்து பாருங்கள். மீமுரே போன்ற சிங்களக் கிராமங்களில் லக்கேகல மலையை இராவணனோடு சேர்த்துக் கதை சொல்வார்கள், கேட்கலாம். வாங்குவதென்றால் மிளகும் கித்துள் பாணியும் ஊரவரிடமே நேரே வாங்குங்கள். காட்டுக்குள் ஏலக்காய்ச் செடியோ ஓர்க்கிட்டோ பிடுங்கிக்கொண்டு வருவது குற்றம்.

சாப்பாட்டுப் பொதியைப் பற்றியும் ஒரு சொல். சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற் 2017இல் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் பத்தனைப் புல்லில் சோற்றுப் பொலித்தீன் கிடக்கிறது. வாழையிலையும் பனையோலைப் பெட்டியும் நம்மிடம் இல்லாத பொருளா? இடியப்பமும் சம்பலும் இலையில் கட்டினால் மத்தியானம் வரை கெடாது, பாரமும் இல்லை, வளைவு வீதியில் வயிற்றுக்கும் இதம். வயிறு முட்டச் சோறு தின்று ஏறியவர்கள்தான் ரத்தோட்டைக்கு முன்பே சத்தி எடுப்பார்கள். பிரட்டல் உள்ளவரை முன் ஆசனத்தில் இருத்தி, தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை குடிப்பதென்றால் ஏற்றம் தொடங்க அரைமணி நேரத்துக்கு முன். பத்தனைப் புல் ஆவணி, புரட்டாதியில் காய்ந்து கிடக்கும். அடுப்பு மூட்டுவதும் சிகரெட் துண்டு எறிவதும் மலையையே எரிக்கும்.

காசு கூடும் என்பார்கள். கணக்குப் பாருங்கள். எல்ல வரை சுற்றி ஓடும் டீசலை மிச்சம் பிடித்தால் இரண்டு இரவு அறைச் செலவில் பெரும்பங்கு அதிலேயே வந்துவிடும். சாரதிக்கு ஒரு படுக்கையும் ஏழு மணிநேர நித்திரையும் அந்தக் கணக்கில் முதலாவதாக வர வேண்டும். வானின் பின்சீற்றில் சுருண்டு கிடப்பது நித்திரை ஆகாது.

பாடசாலை அதிபர்களிடமும் வலயக் கல்வி அலுவலகங்களிடமும் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மலைநாட்டுச் சுற்றுலாவுக்கு அனுமதி கொடுக்கும்போது, மாலை ஆறு மணிக்குப் பிறகு மலை வீதியில் வாகனம் ஓடாது என்பதையும், பிறேக் எண்ணெய் மாற்றிய திகதியையும், சாரதி எங்கே படுப்பார் என்பதையும் விண்ணப்பத்தில் எழுதி வாங்குங்கள். தங்கள் பத்திரிகையும் மாசி தொடங்கிச் சித்திரை முடியும் வரை, வெள்ளிக்கிழமைகளில் மண்சரிவு எச்சரிக்கை உள்ள பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்களை ஒரு சிறு பெட்டிச் செய்தியாகத் தந்தால், சனிக்கிழமை விடிய வெளிக்கிடுபவர்கள் அதைப் பார்த்து முடிவெடுப்பார்கள்.

இப்படிக்கு,
மலைநாட்டுக்கு வாகனம் ஓட்டும் சாரதிகள் சிலர்,
வவுனியா.